கடற்கொள்ளை வானொலி நாடாக்கள்: ஹம்மை அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

1960களில் உரிமம் இல்லாமல், கரைக்கு அப்பால் நின்ற கப்பல்களிலிருந்து பாட்டு ஒலிபரப்பிய நிலையங்களே பிரிட்டனின் கடற்கொள்ளை வானொலி. அவற்றில் ஒன்றான ரேடியோ லண்டனின் நிகழ்ச்சி ஒன்று இன்று நம் காதில் விழுகிறது என்றால், இங்கிலாந்தின் எசெக்ஸிலோ கென்டிலோ யாரோ ஒரு பள்ளிப் பையன் வீட்டு டேப் ரெக்கார்டரை ரேடியோவோடு இணைத்துவிட்டு ரிக்கார்டு பொத்தானை அழுத்தியதுதான் காரணம். 1964 மார்ச் 28 அன்று ஃபீலிக்ஸ்டோ கரைக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்து ரேடியோ கரோலைன் தொடங்கியது. 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், இந்த நிலையங்களை முடக்கும் கடல் ஒலிபரப்புக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. இந்த இடைவெளிதான் பிரிட்டிஷ் கடற்கொள்ளை வானொலியின் பொற்காலம். நிலையங்கள் தங்கள் ஒலிபரப்பைப் பெரும்பாலும் பதிவுசெய்து வைக்கவில்லை. லண்டன் ஸ்டுடியோவில் முன்கூட்டியே பதிவாகிப் படகில் கப்பலுக்குப் போன சில நாடாக்கள் தப்பின. மற்றதெல்லாம் நேயர்கள் மத்திய அலையில் பிடித்துப் பதிந்தவை.

அன்றைக்கு நாடா விலை அதிகம். அதனால் பலர் அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் நிறுத்தினார்கள், பாட்டு வந்ததும் மறுபடி ஓடவிட்டார்கள். அந்தப் பாட்டுகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. கிடைக்காதவை, அவர்கள் வெட்டி எறிந்த பேச்சும் விளம்பரமும் வானிலை அறிவிப்பும்தான். ஆகவே "வெறும் பாட்டு" என்று உறையில் எழுதிய ரீலையும் கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். கை தாமதித்த இடங்களில் பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று விநாடிப் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். தேதியைக் கண்டுபிடிக்கச் சில சமயம் அதுவே போதும்.

மெஷினில் ஏற்றுவதற்கு முன் நாடா எதனால் ஆனது என்று பாருங்கள். ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரிவது அசிட்டேட். இருண்டு தெரிவது பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிட்டேட் காய்ந்து முறுகிப்போயிருக்கும், இழுத்தால் சுத்தமாக ஒடியும். வினிகர் வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது, அந்த ரீலை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து முதலில் கணினிக்கு மாற்றுங்கள். பாலியெஸ்டர் ஒடியாமல் நீண்டுவிடும், நீண்ட இடத்தில் சுருதி போனது போனதுதான். இணையத்தில் படித்துவிட்டு எல்லா நாடாவையும் சூட்டடுப்பில் (ஓவனில்) வைப்பவர்கள் இருக்கிறார்கள். 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் மணிக்கணக்கில் சூடாக்கும் வைத்தியம் 1970, 80களில் வந்த, பின்பூச்சு உள்ள சில நாடாக்களின் பிசுபிசுப்புக்கானது. 1960களின் வீட்டு நாடாக்களுக்கு அந்த நோய் அபூர்வம். அசிட்டேட்டைச் சூடாக்கினால் பாழாகிவிடும்.

பழைய ஒட்டுகள் காய்ந்து விட்டுப்போகும், அல்லது பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். பசையைத் துடைத்துவிட்டு, இதற்கென்றே விற்கும் ஒட்டு நாடாவால் மறுபடி ஒட்டுங்கள். செலோடேப் ஆகாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் அதை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். ரப்பர் ரோலருக்கு சோப்பு நீர் போதும்.

அடுத்தது தடம், அதாவது நாடாவின் அகலத்தில் ஒலி பதிந்திருக்கும் பட்டை. புதிதாக இறங்குபவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். கால் அங்குல நாடாவில் வீட்டு மெஷின்கள் இரண்டு விதமாகப் பதிந்தன. அரைத் தடம் என்றால் மேல் பாதியில் ஒரு பக்கம், ரீலைத் திருப்பிப்போட்டால் கீழ்ப் பாதியில் மறு பக்கம். கால் தடம் என்றால் நான்கு பட்டைகள்: 1, 3 ஒரு திசையில், 4, 2 எதிர்த்திசையில். கால் தட நாடாவை அரைத் தட ஹெட்டில் ஓட்டினால் ஒரே ஹெட் 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துப் படிக்கும். ஒரு நிகழ்ச்சி நேராகவும் இன்னொன்று தலைகீழாகவும் கலந்து ஒலிக்கும், பிறகு அதைப் பிரிக்க வழியே இல்லை. என்ன தடம் என்று தெரியாத ரீலை முதலில் அகாய் 4000டிஎஸ் போன்ற கால் தட ஸ்டீரியோ மெஷினில் போடுவது பாதுகாப்பு. இடது சேனலில் நேராகவும் வலது சேனலில் தலைகீழாகவும் கேட்டால் அது அரைத் தடம். இரண்டிலும் வெவ்வேறு நிகழ்ச்சி நேராகவே கேட்டால் கால் தட மோனோ. அரைத் தடம் என்று உறுதியானதும் அரைத் தட ஹெட் உள்ள மெஷினுக்கு மாற்றுங்கள். முழு அகலத்தையும் படித்தால் சீறல் குறையும்.

வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 3¾ அங்குலம். சிக்கனக்காரர்கள் 1⅞-இல் பதிந்தார்கள். 1800 அடி நாடா 3¾-இல் ஒரு தடத்துக்கு 96 நிமிடம் ஓடும். கால் தடமாக இருந்தால் ஒரு ரீலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அந்த ரீலை அவசரப்பட்டுக் குப்பையில் போட்டால் ஆறு மணி நேர ஒலிபரப்பே போய்விடக்கூடும்.

ஒவ்வொரு ரீலுக்கும் ஹெட்டின் சாய்வை, அதாவது அசிமத்தை, தனியாகச் சரிசெய்ய வேண்டும். மலிவான மெஷினில் பதிந்த நாடாவின் சாய்வு உங்கள் மெஷினோடு பொருந்தாது. பேச்சில் 'ஸ்' ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம்வரை ஹெட்டின் பக்கத்துத் திருகைத் திருப்புங்கள். திருப்புவதற்கு முன் திருகின் தலையில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கணினிக்கு மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தது 48 என்கிறது, 96-ஐப் பரிந்துரைக்கிறது. மத்திய அலையில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உருப்படியாக ஒன்றும் இல்லையே, 48 போதாதா என்று கேட்கலாம். கேட்பதற்குப் போதும். பின்னால் வேகத்தைத் திருத்தும்போது கூடுதல் இடம் உதவும், மோனோவுக்கு ஒரு மணி நேரம் ஒரு ஜிகாபைட்தான் ஆகிறது. உச்ச அளவு முழு எல்லைக்கு 6 டெசிபல் கீழே நிற்கட்டும். தானியங்கி ஒலியளவு, இரைச்சல் நீக்கி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

இந்தக் கோப்பில் எதையும் தொடக்கூடாது. திருத்தமெல்லாம் பிரதியில். காரணம், கேட்பவர் முகம் சுளிக்கிற ஹம் என்ற மின்சார ரீங்காரமும் விசிலும்தான் இந்தப் பதிவின் வேகத்தையும் வரலாற்றையும் சொல்லக்கூடியவை. முதல் வேலையாக 50 ஹெர்ட்ஸை வெட்டி எறிந்துவிட்டு, பிறகு "சுருதி கொஞ்சம் ஏறியிருக்கிறதோ" என்று புலம்பிப் பயனில்லை.

ஹம்மிலிருந்து வேகத்தை எடுப்பது இப்படி. பிரிட்டனின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீட்டு ரேடியோவும் ரெக்கார்டரும் அந்த 50-ஐயோ அதன் மடங்கான 100-ஐயோ நாடாவில் கலந்துவிட்டிருக்கும். பிரதியின் மாதிரி வீதத்தை (விநாடிக்கு எத்தனை மாதிரி என்பதை) 1000-க்கு இறக்கி, எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் 16384 புள்ளி அலைவெண் பகுப்பு (எஃப்எஃப்டி) ஒன்று போட்டால் 0.06 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். ஹம் அதில் ஒரு கோடாகத் தெரியும், அது 51.2-இல் நிற்கிறது என்று வையுங்கள். பதிந்த மெஷின் 2.3 சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது, சரியான வேகத்தில் ஓட்டும் நமக்கு எல்லாம் வேகமாகக் கேட்கிறது. 50-ஐ 51.2-ஆல் வகுத்தால் 0.9766. அந்த விகிதத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். சுருதியில் இது அரைச் சுரத்தின் ஐந்தில் இரண்டு பங்கு, பாட்டு தெரிந்தவர் காதுக்கு உடனே உறுத்தும்.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. உங்கள் மெஷினும் தன் பங்குக்கு ஹம் சேர்க்கும். நாடா இல்லாமல் பிளேயில் வைத்து அரை நிமிடம் பதிந்து பாருங்கள், அதில் வரும் கோடு உங்களுடையது. நாடாவின் கோடு அதன்மேலேயே விழுந்து பிரிக்க முடியாவிட்டால், ஒரு சிறு பகுதியை இரட்டை வேகத்தில் ஓட்டுங்கள். நாடாவின் கோடு 100-க்குத் தாவும், உங்களுடையது 50-இலேயே நிற்கும். இன்னொன்று, கப்பலின் சொந்த ஜெனரேட்டரிலிருந்து ஒலிபரப்போடு வந்த ஹம். அதற்கும் நாட்டு மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை, அதை வைத்துத் திருத்தினால் தப்பாகும். நேயர் இடையில் வேறு நிலையத்துக்குத் திருப்பியபோதும் மாறாமல் தொடரும் கோடுதான் வீட்டுடையது. பாட்டின் சுருதியை வெளிவந்த இசைத்தட்டோடு ஒப்பிடுவதிலும் இதே ஆபத்து. கப்பலின் டர்ன்டேபிள் ஜெனரேட்டரை நம்பி ஓடியது.

(நம் ஊர்க் கேசட்டுகளில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1990களில் தென்னிந்திய மின்தொகுப்பின் அலைவெண் 48 வாக்கில் இறங்கியதெல்லாம் உண்டு. 50 என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் 4 சதவீதம் தவறும்.)

விசில் இன்னும் பயனுள்ளது. ஐரோப்பிய மத்திய அலையில் நிலையங்களுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. கப்பல்களுக்கு யாரும் அலைவரிசை ஒதுக்கவில்லை, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தன. கரோலைன் "199 மீட்டர்" என்று அறிவித்துக்கொண்டே 1520 கிலோஹெர்ட்ஸில், அதாவது 197 மீட்டரில், ஒலித்தது. பக்கத்து நிலையத்தின் அலையோடு மோதி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விசிலாகக் கேட்கும். இரண்டின் அலைவெண்ணும் குவார்ட்ஸ் படிகத்தால் நிலைநிறுத்தப்பட்டவை, எனவே விசில் ஆடக்கூடாது. ஆடுகிறது என்றால் ஆடுவது நாடா. தேய்ந்த ரோலரால் வந்த அந்த ஊசலாட்டத்தை விசிலையே வழிகாட்டியாக வைத்து விநாடிக்கு விநாடி திருத்தலாம். திருத்தி முடித்த பிறகு அந்த ஒரு அலைவெண்ணை மட்டும் நீக்கும் மிகக் குறுகிய வடிகட்டியால் விசிலை எடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் வேகம், பிறகு விசில், பிறகு ஹம், கடைசியில் வேண்டுமானால் லேசாகச் சீறல். சீறலை முழுசாகத் துடைத்தால் அறிவிப்பாளர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். இரவுப் பதிவுகளில் குரல் தேய்ந்து, சிதைந்து, மீண்டும் வரும். தரைவழி அலையும் வானிலிருந்து திரும்பும் அலையும் மோதிக்கொள்வது அது. எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது.

ஒரே பதிவில் 50.3, 51.2 என்று இரண்டு ஹம் கோடுகள் தெரிந்து, இரண்டுமே உங்களுடையவை அல்ல என்றால் கையில் இருப்பது பிரதியின் பிரதியாக இருக்கலாம். ஒவ்வொரு நகலும் தன் கோட்டை விட்டுச் செல்கிறது. மூல ரீல் எங்கோ இருக்கிறதா என்று தேட வேண்டிய நேரம் அது.

போலிகளையும் இதே பகுப்பு காட்டிக்கொடுக்கும். ரேடியோ லண்டனின் ஜிங்கிள்கள் (நிலையத்தின் பெயரைப் பாடும் குட்டி இசைத் துணுக்குகள்) அமெரிக்காவின் டல்லாஸிலிருந்த பாம்ஸ் நிறுவனத்தில் செய்தவை, ஸ்டுடியோத் தரத்திலேயே பிற்காலத்தில் கைமாறின. பேச்சு 5 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிட, ஜிங்கிள் மட்டும் 15 வரை ஏறினால் யாரோ பின்னால் ஒட்டியது. ஹம் கோடு ஓரிடத்தில் திடீரென்று அறுந்து வேறு இடத்தில் தொடங்கினால் அங்கே வெட்டு இருக்கிறது.

தேதிக்கு வருவோம். உறையில் எழுதியதை நம்பாதீர்கள், நாடாவை மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். நிலையம் தன் அலைநீளமாக அறிவிக்கும் மீட்டர் எண்ணைக் கேளுங்கள். கரோலைனுக்குத் தெற்கிலும் வடக்கிலுமாக இரண்டு கப்பல்கள் இருந்தன. கரோலைனின் தெற்குக் கப்பல் மி அமிகோ 1966 ஜனவரியில் ஃப்ரின்டன் கரையில் தரைதட்டியது. பழுதுபார்த்துத் திரும்பி, அந்த வசந்தத்தில் 259 மீட்டருக்கு மாறியது. ஆகவே கரோலைன் "259" என்றால் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. "199" என்றால் அவசரப்படக்கூடாது, ஐல் ஆஃப் மேன் அருகே நின்ற வடக்குக் கப்பல் அதன் பிறகும் சில காலம் 199-இலேயே இருந்தது. ஸ்விங்கிங் ரேடியோ இங்கிலாந்து என்ற இன்னொரு கப்பல் நிலையம் 1966-இன் சில மாதங்களே வாழ்ந்தது, அந்தப் பெயர் கேட்டால் ஆண்டு தீர்ந்தது. ரேடியோ லண்டன் அறிவிப்பாளர் ஜான் பீலின் நள்ளிரவு நிகழ்ச்சி தி பெர்ஃப்யூம்ட் கார்டன் என்றால் 1967. "கரோலைன் இன்டர்நேஷனல்" என்றால் சட்டம் வந்த பிறகு, 1968 மார்ச்சில் இரு கப்பல்களும் இழுத்துச் செல்லப்படும்வரை.

வாரம் வேண்டுமென்றால் ரேடியோ லண்டனின் ஃபேப் 40 என்ற நாற்பது பாட்டுப் பட்டியல். வாரந்தோறும் மாறும், பழைய பட்டியல்களை ரசிகர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அறிவிப்பாளர் "இந்த வாரம் 17" என்பதுபோல் இடம் சொல்லும் பாட்டு இரண்டு கிடைத்தால் வாரம் நிச்சயமாகிவிடும். தேசியப் பட்டியலோடு ஒப்பிடாதீர்கள், ஃபேப் 40 நிலையத்தின் சொந்தத் தேர்வு, பல பாட்டுகள் அதில் முந்தி ஏறிவிடும். நேர அறிவிப்பு வந்தால் கோப்பில் எந்த விநாடியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அறிவிப்புக்கு இடையே கடிகாரம் சொல்வதும் கோப்பு சொல்வதும் பொருந்தாவிட்டால் இடையில் நாடா நின்றிருக்கிறது.

பாட்டுகளின் உரிமை இன்னமும் இசைத்தட்டு நிறுவனங்களிடம். முழு நிகழ்ச்சியை ஏற்றினால் தளங்கள் ஊமையாக்கிவிடும், அதனால் பலர் பாட்டை வெட்டிப் பேச்சை மட்டும் வெளியிடுகிறார்கள். அதற்கான பிரதியைத் தனியாக எடுங்கள். தொடாத கோப்போடு ஒரு எளிய உரைக்கோப்பும் இருக்கட்டும்: நாடாவின் பெயரும் நீளமும், தடம், ஓட்டிய மெஷின், வேகம், அளந்த ஹம், திருத்திய விகிதம், உறையில் எழுதியிருந்தது பிழையோடு அப்படியே. நாடாவைத் திரும்பச் சுற்றாமல், ஓடி முடிந்த நிலையிலேயே செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பக்கத்துச் சுற்றின் ஒலி பதிந்து எதிரொலித்தால் அது சத்தத்துக்கு முன்னால் கேட்காமல் பின்னால் கேட்கும். அடுத்த முறை ஓட்டுவதற்கு முன் ஒருமுறை சுற்றிவிட்டால் அதிலும் கொஞ்சம் குறையும்.