தாம்பூலப் பைக்கு 108 டேக்குகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காயோடு சின்னப் பரிசு ஒன்றும் வைத்துக் கொடுப்போம். ஓர் ஆண்டு எவர்சில்வர் கிண்ணம், ஓர் ஆண்டு ரவிக்கைத் துணி. ஒரே வாரத்தில் ஏழெட்டு வீட்டுப் பைகள் சேர்ந்துவிடுவதால் எது யார் கொடுத்தது என்பதே மறந்துபோகும். இந்த ஆண்டு பையின் காதில் எங்கள் வீட்டுப் பொம்மையின் படத்தைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கடையில் விற்கும் தாமரையும் மயிலும் போட்ட டேக் வேண்டாம். எங்கள் டிரங்குப் பெட்டியில் தூங்குகிற பொம்மைகளே வர வேண்டும்.

ஆகஸ்ட் 17, 2025, ஞாயிறு

பொம்மைகளை முன்கூட்டியே வெளியே எடுக்க அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. மகாளய அமாவாசைக்குத்தான் பெட்டி திறப்பது எங்கள் வழக்கம். "ஆடி முடியட்டும். ஆவணி பிறந்ததும் ஒன்பது பொம்மையை மட்டும் எடுத்துக்கொள். படம் பிடித்ததும் திரும்ப வைத்துவிட வேண்டும்" என்றாள். இன்று ஆவணி முதல் நாள். விளக்கேற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம்.

ஒன்பது என்பது அம்மா சொன்ன கணக்கு. ஆனால் அதுவே எனக்கு வசதியாகவும் அமைந்தது. 5 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு டேக் என்றால், ஏ4 தாளில் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை அடங்கும். ஒரு தாளுக்கு ஒன்பது பொம்மை. பன்னிரண்டு தாள் அடித்தால் 108.

மரப்பாச்சி ஜோடி, செட்டியார், தவழும் கிருஷ்ணர், வீணை சரஸ்வதி, தஞ்சாவூர்த் தலையாட்டி, பண்ருட்டிக் காய்கறிக்காரி, நாகஸ்வரக்காரர், கருட வாகனப் பெருமாள், ஒரு மண் யானை. இவைதான் தேர்ந்தெடுத்தவை. கூடத்து ஜன்னலருகே ஸ்டூல் போட்டு, வெள்ளை சார்ட் தாளைச் சுவரிலிருந்து வளைத்து இறக்கி, அதன்மேல் ஒவ்வொன்றாக நிறுத்திக் கைப்பேசியில் எடுத்தேன். ஃபிளாஷ் போட்டால் எனாமல் வண்ணம் பளபளத்து முகம் தெரியாமல் போகிறது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை ஜன்னலில் வரும் நிழல் வெளிச்சம்தான் இதற்குச் சரி.

செம்மர மரப்பாச்சி வெள்ளைத் தாளில் அழகாக நின்றது. வெள்ளை வேட்டிச் செட்டியாரோ தாளோடு கலந்துபோனார். பச்சை ரவிக்கைத் துணியைப் பின்னால் தொங்கவிட்டுப் பார்த்தேன். விளிம்பு தெளிந்தது, ஆனால் துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வேட்டியின் ஓரமெல்லாம் பச்சையாக ஏறிவிட்டது. கடைசியில் காலண்டர் அட்டையின் சாம்பல் நிறப் பின்பக்கம் கைகொடுத்தது. எந்த நிறத்தையும் பொம்மைமேல் ஏற்றாது, வெள்ளையையும் விழுங்காது. எல்லாப் பொம்மைகளையும் அதிலேயே மறுபடி எடுத்தேன்.

ஆகஸ்ட் 24

வேலை முழுவதும் கிம்ப் என்னும் படத் திருத்த மென்பொருளில். இலவசம் என்பதால் தொடங்கினேன். இப்போது 3.0 பதிப்பில் ஒரு வசதி வந்திருக்கிறது: வெளிச்சம், நிறம் முதலிய திருத்தங்கள் படத்தோடு கரைந்துவிடாமல் தனியாக நிற்கும், எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். அச்சு வேலைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அச்சிட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் அளவு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 5 x 8 சென்டிமீட்டர் டேக்குக்கு 591 x 945 பிக்சல். வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னணியை நீட்ட வேண்டும். அச்சகத்தில் இதை ப்ளீட் என்பார்கள். அதையும் சேர்த்தால் 661 x 1016. அளவை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். சின்னதாகச் செய்து பிறகு பெரிதாக்கினால் கண், உதடு போன்ற மெல்லிய கோடுகள் மங்கிவிடும்.

பொம்மையைப் பின்னணியிலிருந்து பிரிப்பதற்கு, ஒரே நிறப் பகுதியைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் கருவியை முயன்றேன். யானைக்குப் போதுமாக இருந்தது. சரஸ்வதியின் வீணைத் தண்டும் விரல்களும் சிதைந்தன. பாத் கருவியால் புள்ளி புள்ளியாக வைத்து விளிம்பை வரைந்தபோதுதான் சுத்தமாக வந்தது. ஒரு பொம்மைக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. பின்னணியை ரப்பரால் அழிக்காமல் லேயர் மாஸ்க் போட்டு மறைத்தேன். அழித்தது போனதுதான். மறைத்ததை வெள்ளைத் தூரிகையால் மீட்டுக்கொள்ளலாம். தலையாட்டியின் கை விரல் ஒன்று அப்படித்தான் திரும்பி வந்தது.

அன்று மாலை செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். செட்டியாரின் மூக்கு நுனியில் வண்ணம் உதிர்ந்து மண் தெரியும். ஹீல் கருவியால் அதைப் பூசி மறைத்து, கன்னத்தில் இருந்த விரிசலையும் நீக்கி, புதுப் பொம்மைபோல ஆக்கி அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "நன்றாக இருக்கிறார். ஆனால் இவர் யார் வீட்டுச் செட்டியார்?" என்று கேட்டாள். அந்த மூக்கு நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கீழ்ப்படியிலிருந்து என் கை பட்டு விழுந்து உடைந்தது. அன்று அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது. பூசியதையெல்லாம் எடுத்துவிட்டேன். தூசி, கேமராவில் விழுந்த புள்ளி, சாம்பல் அட்டையின் நிழல் ஆகியவற்றை மட்டும் நீக்குவது, பொம்மையின் உடம்பில் இருப்பது எதையும் தொடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். மற்ற எட்டுக்கும் அதே விதிதான்.

ஆகஸ்ட் 30

டேக்கின் முன்பக்கம் பொம்மையும் பெயரும். பின்பக்கம் அந்தப் பொம்மை எங்கிருந்து, யாரால் வீட்டுக்கு வந்தது என்று இரண்டு மூன்று வரி. காய்கறிக்காரியைப் பற்றி அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன்: 'பாட்டி பண்ருட்டியிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தது.'

எழுத்துருக்களில் கவிவாணர் கொஞ்சம் சாய்ந்து, கையெழுத்துபோல இருப்பதால் பெயருக்கு அதை வைத்தேன். பின்பக்க வரிகளுக்கு முக்த மலர். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. முதலில் எழுத்தை 7 பாயிண்ட் அளவில் அமைத்தேன். திரையில் தெளிவாக இருந்தது. தாளில் மெய்யெழுத்தின் புள்ளிகள் காணாமல் போயின. கருஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பதால் மை சுற்றிலும் பரவிப் புள்ளியை மூடிவிட்டது. 'மடியில்' என்பது 'மடியில' என்று நின்றது. தமிழுக்குப் புள்ளி போனால் சொல்லே போச்சு. அளவை 9 பாயிண்டுக்கு உயர்த்தி, பின்னணியைச் சந்தன நிறமாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கினேன். இடம் போதவில்லை, ஆகவே வாக்கியங்களைச் சுருக்கினேன். சுருக்கியதும் அவை இன்னும் நன்றாயின.

செப்டம்பர் 6

வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் சாதாரண 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் சோதனை. மூன்று பாடங்கள் கிடைத்தன.

சரஸ்வதியின் பட்டுப் பாவாடை திரையில் குங்குமச் சிவப்பு. தாளில் செங்கல். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. திரையின் பிரகாசம் எல்லாம் தாளுக்கு வருவதில்லை. ஒரே படத்தை நான்கு வெளிச்ச அளவில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் அசல் பொம்மையோடு வைத்துப் பார்த்தேன். திரையில் கொஞ்சம் வெளுத்ததுபோலத் தெரிந்த மூன்றாவதுதான் தாளில் பொம்மைக்குப் பக்கத்தில் வந்தது. முன்பு சொன்ன 3.0 பதிப்பின் வசதி இங்கேதான் உதவியது. ஒன்பது கோப்புகளிலும் கர்வ்ஸ் என்னும் வெளிச்சத் திருத்தத்தைத் திறந்து, அதிக இருளும் அதிக வெளிச்சமும் இல்லாத நடு அளவுகளை மட்டும் உயர்த்தினேன், வேறெதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது அளவு. வெட்டிய டேக்கை அளந்தால் 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அச்சுப்பொறி தானாகவே தாளுக்குள் பொருந்துமாறு சுருக்கியிருந்தது. அச்சிடும் பெட்டியில் 100 சதவீதம் என்று கொடுத்த பிறகு சரியாகிவிட்டது.

மூன்றாவது பாடம் பின்பக்கத்தில். தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்க வரிகளை அச்சிட்டு, வெட்டி, அம்மாவிடம் கொடுத்தேன். கிருஷ்ணர் படத்துக்குப் பின்னால் செட்டியாரின் வரலாறு இருந்தது. தாளைப் புத்தகப் பக்கம்போலத் திருப்பும்போது இடது பத்தி வலதாகிவிடும். ஆகவே பின்பக்கத்தில் பத்திகளை இடம் மாற்றி அடுக்க வேண்டும், நடுப் பத்தி மட்டும் அப்படியே இருக்கும். இதைச் சரிசெய்தும் பின்பக்கம் 2 மில்லிமீட்டர் விலகியே விழுந்தது. அந்த விலகலை என்னால் முழுதாகப் போக்க முடியவில்லை. பின்பக்கத்தில் போட்டிருந்த கோலக் கரையை எடுத்துவிட்டு எழுத்தை நடுவில் மட்டும் நிறுத்தினேன். கரை இல்லையென்றால் விலகல் கண்ணில் படுவதில்லை.

செப்டம்பர் 13

கனமான தாளுக்கு வழி தேடினேன். பளபளப்பான ஆர்ட் அட்டையை வீட்டுப் பொறியில் விட்டதும், மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று விரல் பட்ட இடமெல்லாம் இழுபட்டது. அந்த அட்டை லேசர் அச்சுக்கு உரியது. டிஜிட்டல் அச்சுக் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே கோப்பை அவர்கள் மென்பொருளில் திறந்தபோது 'கொ', 'தோ' முதலிய எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறின. வீட்டுக்குத் திரும்பி எழுத்துகளையும் படமாகவே மாற்றி பி.டி.எஃப். கோப்பாக எடுத்துப்போனேன். இனி எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. 300 ஜி.எஸ்.எம். மேட் அட்டையில் இரண்டு பக்கமும் பன்னிரண்டு தாள். கடைக்காரர் 100 சதவீத அளவை நான் கேட்பதற்கு முன்பே வைத்திருந்தார்.

வெட்டியது வீட்டில். இரும்பு அடிக்கோல், மாற்றுப் பிளேடு கத்தி, அடியில் கனத்த அட்டை. ஒரே அழுத்தில் வெட்ட முயன்றால் ஓரம் பிசிறுகிறது. மூன்று முறை லேசாக இழுத்தால் வெண்ணெய்போல் பிரிகிறது. துளைக்கு அலுவலகப் பஞ்சிங் மெஷின் சரிப்படவில்லை, அதன் 6 மில்லிமீட்டர் துளை இந்தச் சின்ன அட்டைக்குப் பெரிது. 3 மில்லிமீட்டர் ஒற்றைத் துளைக் கருவி வாங்கினேன். கயிற்றுக்குச் சணலை நினைத்திருந்தேன். அம்மா மஞ்சளில் தோய்த்த நூலை எடுத்துக் கொடுத்தாள். சந்தன நிற அட்டைக்கு அதுவே பொருத்தம்.

அக்டோபர் 3

கொலு நாட்களில் 91 டேக்குகள் போயின. எதிர்வீட்டு மாமி தன் பையைக் கொடுத்துவிட்டு நாகஸ்வரக்காரர் கட்டிய பையாக மாற்றிக்கொண்டார், அவருடைய அப்பா தவில் வாசித்தவர். கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு படிகளில் அந்த யானையைத் தேடிக் கண்டுபிடித்து, காதோரத்து விரிசல் வரை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

நேற்று விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்தோம். இன்று மற்றவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். மீதி 17 டேக்கில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒன்றாக எடுத்து, துணி மூட்டையின் முடிச்சில் அம்மா கட்டினாள். அடுத்த ஆண்டு எந்த மூட்டையில் யார் இருக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. டேக் இல்லாத மூட்டைகள் இன்னும் முப்பத்திரண்டு இருக்கின்றன. எண்ணி எழுதிவைத்திருக்கிறேன்.