தலைப்பு பெரிசு, செய்தி பொடிசு

ஒவ்வொரு டிசம்பர் 16ஆம் தேதியும் யாராவது ஒருவர் அந்தப் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள். இந்த முறை தம்பி மகன். "பெரியப்பா, நீங்க பேப்பர்ல இருந்தவராச்சே, இதைப் பாருங்க." ஏற்கெனவே பத்துப் பேர் அனுப்பியது என்று சொல்லி அவன் உற்சாகத்தைக் கெடுப்பானேன்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் சிரிப்பு வந்தது.

1971 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. இந்தியா-பாகிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்த சமயம். கராச்சியிலிருந்து வரும் 'டான்' ஆங்கில நாளிதழின் முதல் பக்கம். ஜின்னா தொடங்கிய பத்திரிகை. பெயருக்கு அர்த்தம் விடியல். பக்கத்தின் தலைமாட்டில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு: 'வெற்றி கிட்டும் வரை போர்.'

இதில் என்ன வேடிக்கை என்றால், முந்தின நாள் சாயங்காலம் 4.31 மணிக்கே டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு மேசையைப் போட்டு, பாகிஸ்தானின் கிழக்குப் படைத் தளபதி நியாசி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பக்கத்தில் இந்தியத் தளபதி அரோரா. சுற்றிலும் கூட்டம், கேமராக்கள். ஏறக்குறைய 93,000 பேர் கைதிகள். இன்றைக்கு வங்கதேசமாக இருக்கிற கிழக்குப் பாகிஸ்தான், அதாவது நாட்டில் பாதி, கைவிட்டுப் போயிற்று. பத்திரிகைக்காரனுக்கு முழு ராத்திரி கையில் இருந்தது. விடிந்ததும் வந்தது 'வெற்றி கிட்டும் வரை போர்'.

சரி, உண்மையை அவர்கள் போடவே இல்லையா? போட்டிருக்கிறார்கள். அதே முதல் பக்கத்தில், பொடி எழுத்தில், தேடினால் கிடைக்கும். கிழக்கு முனையில் இந்திய, பாகிஸ்தான் உள்ளூர்த் தளபதிகளுக்கு இடையே ஏற்பட்ட ஓர் ஏற்பாட்டின்படி சண்டை நின்றுவிட்டது, இந்தியத் துருப்புகள் டாக்காவுக்குள் நுழைந்துவிட்டன. அவ்வளவுதான் விஷயம். 'சரணடைவு' என்ற சொல்லே கிடையாது. ஏற்பாடாம்! இரண்டு குடும்பம் உட்கார்ந்து தண்ணீர்க் குழாய்க்கு முறை வைத்துக்கொண்டது மாதிரி.

பெரிய தலைப்பு யாருடையது என்றால், அதிபர் யாஹ்யா கானுடையது. 16ஆம் தேதி இரவு வானொலியில் பேசினார். ஒரு முனையில் பின்னடைவு என்றால் போரே முடிந்துவிட்டதாக ஆகாது, தொடர்ந்து போராடுவோம் என்பது பேச்சின் சாரம். ராணுவ ஆட்சி, தணிக்கை வேறு. அதிபர் பேசினால் அதுதான் தலைப்பு. பக்கம் கட்டியவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்த நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்தவன்.

கராச்சி வாசகர் ஏமாந்திருப்பாரா? அதுதான் எனக்குச் சந்தேகம். டிசம்பர் 4ஆம் தேதி ராத்திரியும் 8ஆம் தேதி ராத்திரியும் இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சி துறைமுகம் வரைக்கும் வந்து அடித்துவிட்டுப் போயின. கேமாரி எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த புகை நாள்கணக்கில் ஊர்மேல் நின்றது. மொட்டை மாடியில் நின்று அந்தப் புகையைப் பார்த்தவர்தான் காலையில் இந்தத் தலைப்பையும் படித்தார். அப்புறம் பிபிசி வேறு இருந்தது.

தலைப்பின் ஆயுளைத்தான் கேளுங்கள். எங்கள் பத்திரிகைத் தலைப்புகள் சாயங்காலம் பஜ்ஜிக் கடைக்குப் போய்ச் சேரும். பஜ்ஜி மடிக்கும்போதும் செய்தி செய்தியாகவே இருக்கும். இதற்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. மேற்கு முனையிலும் 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் போரை நிறுத்துகிறோம் என்று இந்தியா அறிவித்திருந்தது. அதே 17ஆம் தேதி யாஹ்யா கானும் சரி என்றுவிட்டார். காலையில் வெற்றி வரை போர், ராத்திரி எட்டு மணிக்குப் போர் நிறுத்தம். மூன்றே நாளில், 20ஆம் தேதி, யாஹ்யா கானே பதவியை விட்டு இறங்கி பூட்டோ வந்துவிட்டார்.

சரணடைவுக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் கிழக்கு வங்காளத்து மக்களுக்கு நடந்தது எதுவும் சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. நான் சிரிப்பது எழுத்தின் சைஸைப் பார்த்து மட்டும்.

நம் பக்கம் மட்டும் அரிச்சந்திரன் பரம்பரையா என்ன? டிசம்பர் 11ஆம் தேதி தங்கைல் என்ற இடத்தில் இந்தியா பாராசூட் வீரர்களை இறக்கியது. இறங்கியது ஒரு பட்டாலியன், எழுநூறு பேர் சொச்சம். பத்திரிகைகளுக்குப் போன செய்தியில் அது ஐயாயிரம் ஆகிவிட்டது. கூடவே கொடுத்த படம், ஆக்ராவில் முன்பு எப்போதோ நடந்த பயிற்சியில் எடுத்தது. வானம் முழுக்கக் குடை. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் அதை நம்பிப் போட்டன. ஆனால் ஒன்று, இந்தப் பொய் வேலை செய்தது. டாக்காவில் இருந்த பாகிஸ்தான் தளபதிகளின் வயிற்றைக் கலக்கியது. கராச்சிப் பொய் யாருக்காக என்றுதான் இன்றுவரை புரியவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1987 நவம்பர் 5, உலகக் கோப்பை அரையிறுதி, பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும். நான் அப்போது ஒரு நாளிதழில் விளையாட்டுப் பக்கம். இங்கிலாந்து 254. அசாருதீன் நின்று ஆடிக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பதிப்புக்கு நேரமாகிறதே என்று நான் முந்திக்கொண்டு 'இறுதிப் போட்டியில் இந்தியா' என்று பெரிய எழுத்தில் கோக்கச் சொல்லிவிட்டேன். அசார் 64இல் எல்பிடபிள்யூ. அப்புறம் மளமளவென்று சரிந்து 219. கம்பாசிட்டர் அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. "இ-யை அப்படியே வெச்சுக்கலாம் சார், மிச்சத்தை மாத்திடுவோம்" என்றார். மாற்றினோம். 'இந்தியா' நாலெழுத்து, 'இங்கிலாந்து' ஆறெழுத்து. வரியில் அடங்கவில்லை. கடைசியில் எழுத்தைச் சின்னதாக்கிக் கோத்தோம். தோற்றுப்போனால் எழுத்து சிறுக்கும் என்பதை நான் கற்றது அன்றைக்குத்தான்.

இந்த டான் கதையை வீட்டில் ஒருமுறை சொல்லிவைத்தது தப்பாகப் போயிற்று. போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். தீபாவளி முடிந்த பத்தாம் நாள். சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 186. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "ஒரு முனையில் சின்னப் பின்னடைவு" என்று மட்டும் சொன்னேன். மனைவி பையில் கைவிட்டுத் தாளை எடுத்துப் படித்தாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், மைசூர்பாகு டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"உள்ளூர்த் தளபதிகளுக்குள்ள ஒரு ஏற்பாடு" என்றாள்.