பூ ராட்லியின் கைகள்: ஆங்கில இலக்கியத் தாளில் சி-யிலிருந்து ஏ வரை

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. ஆங்கில இலக்கியத்தில் ஏ. நம்பிக்கை வராமல் அம்மாவின் கைபேசியிலும் ஒருமுறை திறந்து பார்த்தேன். டிரையலில் (முன்னோட்டத் தேர்வில்) எனக்கு சி, அதுவும் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த கேள்வியிலேயே கோட்டைவிட்டேன்: ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் பூ ராட்லி எந்த அளவுக்குக் குற்றமற்றவர்? இந்த நாவலை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டிரையலில் மூன்று பக்கம் எழுதினேன். வீட்டைவிட்டு வெளியே வராதவர், ஊர் அவரைத் தப்பாக நினைத்தது, மரப்பொந்தில் பரிசு வைத்தார், பிள்ளைகளைக் காப்பாற்றினார், ஆகவே அவர் ஒரு மாக்கிங்பேர்ட் (யாருக்கும் தீங்கு செய்யாமல் பாடும் பறவை), முடிந்தது. டீச்சர் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "அவர் ஓர் ஆளைக் கொன்றிருக்கிறாரே, அதை எங்கே காணோம்?" பினாங்கு கொம்தாரில் பஸ் ஏறி ஆயர் ஈத்தாம் வந்து சேரும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு ஆயாவிடம் கதையைச் சொன்னேன். பூ ராட்லி அணிலைப் பச்சையாகவே தின்பாராம், பூனை தின்பாராம், அதனால் கையில் ரத்தக்கறை போகவே போகாதாம் என்று நான் சொல்லச் சொல்ல, ஆயா கீரை ஆய்ந்துகொண்டே, "யாருடி பார்த்தா?" என்றார்.

யாருமே பார்க்கவில்லை. கதை சொல்லும் சிறுமி ஸ்கௌட்டின் அண்ணன் ஜெம் சொல்கிறான், அவனுக்கு அதே தெருவில் வம்பளக்கும் ஸ்டெஃபனி க்ராஃபோர்ட் சொல்லியிருக்கிறார். பூ தன் அப்பாவின் காலில் கத்தரிக்கோலால் குத்திய கதைகூட அந்தம்மா வாயிலிருந்து வந்ததுதான். என் தேர்வை மாற்றியது ஆயா கேட்ட அந்தக் கேள்விதான். குறிப்பேட்டில் நடுவே கோடு போட்டு, ஊர் சொன்னதை இடப்பக்கமும் அவர் கை உண்மையில் செய்ததை வலப்பக்கமும் எழுத ஆரம்பித்தேன். வலப்பக்கம் இப்படி வந்தது:

- அத்தியாயம் 4, 7: மரப்பொந்தில் சூயிங்கம், பழைய நாணயங்கள், சோப்பில் செதுக்கிய இரண்டு பொம்மைகள். பொந்தை சிமெண்டால் அடைத்தவர் அண்ணன் நேதன், பூ இல்லை. நான் இதை மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தேன்.
- அத்தியாயம் 7: ஜெம்மின் கிழிந்த கால்சட்டை, கோணல்மாணலாகத் தைத்து, மடித்து, வேலிமேல்.
- அத்தியாயம் 8: தீ விபத்து இரவில் ஸ்கௌட்டின் தோளில் போர்வை. போர்த்தியது யாரென்று அவளுக்கே தெரியவில்லை.
- அத்தியாயம் 31: தூங்கும் ஜெம்மின் தலையைத் தடவுகிறார், அதுவும் ஸ்கௌட் தொடலாம் என்று சொன்ன பிறகுதான்.

அந்தக் கோணல் தையலை விடாதீர்கள். தையல் தெரியாத ஒருவர், ஒரு பையன் வீட்டில் அடிபடக்கூடாது என்று இருட்டில் ஊசி எடுத்திருக்கிறார். இதைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் பத்தி எழுதினேன், தேர்வு மண்டபத்தில் எனக்குக் கண் கலங்கியது.

இப்போது டீச்சரின் கேள்விக்கு வருகிறேன். 1ஆம் அத்தியாயத்தில் ரத்தக்கறை படிந்த கை என்று ஊர் சொல்கிறது. 29ஆம் அத்தியாயத்தில் ஸ்கௌட் முதல்முறையாக நேரில் காண்பது வெயிலே படாத வெளுத்த கை. ஆனால் அன்று இரவுதான் அந்தக் கை, பிள்ளைகளைத் தாக்க வந்த பாப் யூவலைக் கத்தியால் குத்தியிருக்கிறது. நாவல் இதை நேராகச் சொல்லாது, ஷெரிஃப் டேட்டின் பேச்சிலிருந்து நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊர் பொய்யாகச் சொன்ன ரத்தம், இரண்டு பிள்ளைகளைக் காக்கப்போய் உண்மையாகிவிட்டது. அப்படியும் அவர் குற்றமற்றவர்தான் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன், அப்படித்தான் எழுதினேன். குற்றமற்றவர் என்றால் எதுவுமே செய்யாதவர் என்று அர்த்தமில்லை. மாக்கிங்பேர்ட் பாடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது என்கிறார் அண்டைவீட்டு மிஸ் மாடி, பூவோ செய்தார். அந்த உவமை முழுதாகப் பொருந்தவில்லை என்பதைச் சொல்லிவிட்டு மேலே போங்கள், மறைக்காதீர்கள்.

இன்னொன்று. விஷயம் வெளியே வந்தால் பூ ஜெயிலுக்குப் போவார் என்றுதான் எங்கள் வகுப்பில் எல்லாரும் எழுதினோம். டேட் பயப்படுவது அதற்கில்லை. ஊர்ப் பெண்கள் கேக் செய்து எடுத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டுவார்களே, அதற்குத்தான். கூச்சப்படும் மனிதரை வெளிச்சத்துக்கு இழுப்பதே பாவம் என்கிறார். அதாவது ஊரின் நன்றிகூட அவரைக் கொன்றுவிடும். இந்தக் கேக்கை எழுதாமல் வராதீர்கள்.

அப்புறம் சில:

- நீளமான மேற்கோள் எனக்கு மனதில் நிற்காது. நான்கைந்து சொல் உள்ளதாக எட்டு மட்டும் பாடமாக்கினேன், போதுமாக இருந்தது.
- கதைச் சுருக்கம் ஒரு வரிகூட வேண்டாம்.
- பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட டாம் ராபின்சனை ஒரு பத்திக்குமேல் இழுக்காதீர்கள், கேள்வி பூவைப் பற்றியது.
- பெயரைக் கவனியுங்கள். பூ என்பது பட்டப்பெயர், ஆர்தர் என்பதுதான் சொந்தப் பெயர். கடைசியில் ஸ்கௌட் மிஸ்டர் ஆர்தர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

தேர்வுக்கு முந்தைய இரவு 31ஆம் அத்தியாயத்தை மட்டும் படித்தேன், ஆயாவுக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே. வீடுவரை கொண்டுபோய் விடச் சொல்லி பூ மெல்லக் கேட்கிறார். ஸ்கௌட் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை, அவர் முழங்கையை மடிக்கச் சொல்லி அதற்குள் தன் கையைக் கொடுக்கிறாள், மேல்மாடி ஜன்னலிலிருந்து ஸ்டெஃபனி பார்த்தால் அவர்தான் இவளை அழைத்துப் போவதாகத் தெரிய வேண்டுமாம். என் பதிலின் கடைசிப் பத்தி அந்த முழங்கைதான்.

குறிப்பேடு இப்போது நான்காம் மாடித் தங்கையிடம் இருக்கிறது. இந்த வருடம் அவள் எழுதுகிறாள்.