இடுப்பில் கீறிய தேங்காய்

தேங்காயின் இடுப்பைச் சுற்றி ரம்பத்தால் கோடு கீறி வைத்திருந்தார்கள். மெல்போர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பெரிய கடையில், அன்னாசிக்கும் கிவிப் பழத்துக்கும் நடுவில், மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கிடந்தது. தட்டியதும் இரண்டாகப் பிளக்க வசதியாம். குடுமி இல்லை. மூன்று கண்ணும் மொட்டையாகத் தெரிந்தன. குடுமி இல்லாத தேங்காயைச் சாமிக்கு எடுத்துவந்தால் ஊரில் எங்கள் ஆத்தா திருப்பி அனுப்பிவிடுவார். நாளை மறுநாள் ஆடி ஒன்று, எங்கள் ஊர்ப் பக்கம் தேங்காய் சுட்டுக் கும்பிடும் நோம்பி, அதாவது பண்டிகை. அந்தத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வந்த கோபத்தில் அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது.

தீபாவளிக்கு இங்கே குறைவில்லை. இனிப்புப் பெட்டிகள் மலைபோல் வந்து இறங்குகின்றன. பொங்கலுக்கு மண்டபம் பிடித்துக் கும்மியடிக்கிறோம். தேங்காய் சுடும் நோம்பிக்குத்தான் நாதியில்லை. கரூர், நாமக்கல், ஈரோடு, சேலம் பக்கம் தாண்டினால் தமிழர்களிலேயே பலருக்கு அது தெரியாது. தஞ்சாவூர்த் தோழி, “தேங்காயைப் போய்ச் சுடுவீர்களா?” என்று கேட்டாள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது, தர்மம் ஜெயிக்க வேண்டும் என்று ஜனங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்று ஆத்தா சொல்லும் கதையை அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன்.

கீறிய தேங்காயில் துவையல் அரைக்கலாம், நோம்பி கும்பிட முடியாது. ஒரே ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, வறுத்த பாசிப்பயறு, எள், அவல், பொட்டுக்கடலை, தட்டிய வெல்லம், ஏலக்காய் எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே திணிக்க வேண்டும். பிறகு வடித்த தண்ணீரில் கொஞ்சத்தை ஊற்றி, சீவிய குச்சியால் இறுக அடைக்க வேண்டும். நெருப்பில் வாட்டும்போது உள்ளே இருப்பதெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே வேகிறது. வெல்லம் உருகிப் பருப்பில் ஊறுகிறது. ஓட்டில் கீறல் இருந்தால் தண்ணீர் கசிந்துபோய்ப் பூரணம் கருகும். இத்தனை வேலையும் ஓடு முழுசாக இருப்பதை நம்பித்தான் நடக்கிறது.

டாண்டினாங் புறநகரில் இருக்கும் நம்மவர் கடையில் கீறாத தேங்காய் கிடைத்தது. மூட்டையைக் கிளறி, ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்து எடுத்தேன். இரண்டில் குடுமிகூட இருந்தது! அவற்றைப் பிள்ளையாருக்கென்று தனியாக வைத்தேன். வெல்லத்துக்குக் கவலையில்லை. பிலிக்கல்பாளையத்து உருண்டை வெல்லம் ஊரிலிருந்தே வந்திருந்தது. இங்கே கிடைக்கும் வெளிறிய வெல்லத்தில் இனிப்பு இருக்கிறது, மணம் இல்லை.

குச்சிதான் பாக்கி. ஊரில் அழிஞ்சிக் குச்சியைக் கட்டுக்கட்டாகத் தெருவில் விற்பார்கள். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் யூகலிப்டஸ். அதைச் செருகினால் பூரணத்தில் தைல வாடை ஏறிவிடும். சிமெண்டுப் படியில் தேங்காய் ஓட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நார் இல்லாமல் வழவழப்பானால்தான் மஞ்சள் நன்றாகப் பிடிக்கும். பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெரியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து விசாரித்தார். ஈஸ்டருக்கு முழு ஆட்டைக் கம்பியில் கோத்துத் தணலில் சுற்றுபவர் அவர். எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம் எலுமிச்சை மரத்திலிருந்து நேரான கொம்புகளாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. ஜூலைக் குளிர் பழகிவிட்டது, ஐந்தரைக்குள் இருட்டுவதும் பழகிவிட்டது. பெட்ரோல் பங்கில் விறகு மூட்டை விற்பது பிடித்தே போய்விட்டது. ஆனால் ஆடி ஒன்று மாலை கொல்லையில் விறகு பற்றியதும் நான் கரூர் அமராவதிக் கரைக்குப் போய்விட்டேன். தெருத்தெருவாகக் கூட்டம் வந்து இறங்கும். ஆடிக்காற்று புகையை முகத்தில் அடிக்கும். அப்பா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் என் குச்சியையும் சேர்த்துத் திருப்புவார். தலையாடிக்கு வந்த புது மாப்பிள்ளைகள் வெள்ளை வேட்டியில் கரி படாமல் ஒதுங்கி நிற்க, மச்சினிச்சிகள் விடாமல் கையில் குச்சியைத் திணிப்பார்கள். யாருடைய தேங்காய் முதலில் வெடிக்கிறது என்பதே எங்களுக்குப் போட்டி. ஆற்றில் தண்ணீர் ஓடியதா, மணல்தான் கிடந்ததா என்பதுகூட நினைவில் இல்லை. அந்த வாசனை மட்டும் இருக்கிறது.

“அம்மா, வெடிச்சிருச்சு!” என்று மகள் கத்தினாள். ஓட்டில் விரிசல் ஓடி, வெல்லப்பாகு கொதித்து வழிந்தது. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தோம். வெந்த பயறும் பாகும் தேங்காய்ப் பருப்போடு ஒட்டிக்கொண்டு சூடாக வந்தன. பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீடியோவில் அம்மாவை அழைத்தேன். கரூரில் மணி மதியம் இரண்டுகூட ஆகவில்லை. வெடித்த தேங்காயை மகள் திரையில் காட்டினாள். “அதுக்குள்ள சுட்டுட்டீங்களா கண்ணு? இங்க இன்னும் விறகே அடுக்கலையே!” என்ற அம்மா, உள்பக்கம் திரும்பித் தம்பியைச் சத்தம் போட ஆரம்பித்தார்.