பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்

அம்மாவின் மார்பில் கட்டி இருப்பது எனக்குத் தெரியவந்தபோது எட்டு மாதம் ஓடிவிட்டது. "வலிக்கலையே பாப்பா, வலிச்சா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள். இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பக்கத்து ஊர் வைத்தியரிடம் பத்து போட்டிருக்கிறாள். ரவிக்கையெல்லாம் மஞ்சள் கறை. காம்பு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் என்னிடம் காட்டினாள்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஒற்றைக் காகிதத்தோடு ராத்திரி பஸ் பிடித்து சென்னைக்குப் போனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "பிளாக் எங்கே?" என்றார். எங்களுக்கு அந்த வார்த்தையே புதிது.

எடுத்த சதையை மெழுகில் பதித்து வைப்பார்கள், அதுதான் பிளாக். கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று பார்க்கும் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற புரதம் கூடுதலா என்று பார்க்கும் ஹெர்2 ஆகிய பரிசோதனைகளை அதிலிருந்துதான் செய்வார்கள். ஹார்மோன் மாத்திரை கேட்குமா, ஹெர்2 ஊசி தேவையா என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். "இல்லேன்னா மறுபடி ஊசி குத்தித்தான் எடுக்கணும்" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்ப ஊருக்கு வந்து லேபுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் வெளிய தர்றதில்ல" என்றார். அரை மணி நேரம் மன்றாடிய பிறகு, "சென்னையிலேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு கடிதத்துக்காக மறுபடி சென்னை, மறுபடி ராத்திரி பஸ். கடிதத்தோடு வந்தால், கையெழுத்துப் போடும் டாக்டர் புதன்கிழமைதான் வருவாராம். நான் நகரவே இல்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் உள்ளே இருந்த வயதான டெக்னீஷியன் கடிதத்தை வாங்கிப் படித்து, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, பத்தே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவில் அரிசி நொய் மாதிரி அம்மாவின் சதை. ஓரத்தில் பென்சிலால் நம்பர்.

அந்த நம்பரும் ரிப்போர்ட்டில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். அந்தச் சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியூர் ஆஸ்பத்திரியில் முதல் தடவை காட்டும்போதே பிளாக் கேட்டுக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்றிதழ் வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்று அதிலும் ஒரு வாரம் போயிற்று. உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட் இலவசம், கூட வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் ஃபாரம் போட்டுத் தருவார்கள். மூன்றாவது கீமோவரைக்கும் எங்களுக்கு இது தெரியாது. வாந்தியோடு பஸ்ஸிலேயே வந்தாள்.

கீமோ, ஆபரேஷன், கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் முடிந்தன. ஹார்மோன் பாசிட்டிவ் என்று பிளாக்தான் சொன்னது. தினம் ஒரு மாத்திரை, 5 வருஷத்துக்கு. பிளாக்கைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அம்மா அதைப் பஞ்சில் சுற்றி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள்.