மாமாவின் தலைச் சுற்றளவு 57 சென்டிமீட்டர்

தீபாவளி அன்று விடியற்காலை நாலரை மணி. மாமாவின் தலையில் எண்ணெய் வைத்த கையோடு, அத்தை ஒரு வெள்ளை நூலை அவர் நெற்றியைச் சுற்றிப் பிடித்தார். "என்ன இது?" என்றார் மாமா. "அசையாமல் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு, இரண்டு முனையும் சேர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினார் அத்தை. எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த அந்த நூலைச் சமையலறையில் தையல் டேப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். 57 சென்டிமீட்டர்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மாமாவுக்கு எத்தனை உருண்டை களி வேண்டும், குழம்பில் எவ்வளவு காரம் வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். அவருக்கு ஊசியும் நூலும் வைத்து ஒரு குல்லா பின்ன வேண்டும், ஆனால் அவர் தலையின் அளவு மட்டும் தெரியாது. மாமனாரின் தலையை மருமகள் தொட்டு அளக்க முடியுமா? என் கணவரைக் கேட்டேன். அப்பா தலையில் நூல் சுற்ற அவருக்கும் கூச்சம். அதனால்தான் தீபாவளி எண்ணெய்க் குளியல்வரை காத்திருந்தோம்.

நான் பிறந்தது அரூர்ப் பக்கம். அங்கே குளிர் என்றால் மார்கழியில் இரண்டு வாரம் கோலம் போடும்போது சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். கல்யாணமாகி தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தேன். பஸ் பாலக்கோட்டைத் தாண்டி, ராயக்கோட்டை ஏறினதுமே ஜன்னல் காற்று வேறு மாதிரி ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் மேலே இருக்கிற தளியை லிட்டில் இங்கிலாந்து என்றே சொல்வார்கள். முதல் வருடம் மார்கழியில் பாத்திரம் கழுவிய என் விரல்கள் மடங்க மறுத்தபோது அந்தப் பெயரின் பொருள் புரிந்தது. அந்தக் குளிரில்தான் மாமா காலை ஐந்தரைக்குப் பால் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

கடையில் குல்லா விற்காமல் இல்லை. ஓசூர் பஸ் நிலையத்துக்கு வெளியே குளிர்காலம் முழுவதும் குவித்து வைத்திருப்பார்கள். ஒன்று வாங்கியும் கொடுத்தோம். இறுக்குகிறது என்று ஒரு நாளோடு ஆணியில் மாட்டிவிட்டார்.

எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தவர் பின் தெரு அக்கா. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ஊசியில் ஏறுகிற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. அக்கா கண்ணிகளைத் தெலுங்கில்தான் எண்ணுவார். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. நானும் அப்படியே பழகிவிட்டேன். கடையில் தக்காளி எண்ணினால் தமிழ், ஊசியில் கண்ணி எண்ணினால் தெலுங்கு. இன்றுவரை மாறவில்லை.

அவர் முதலில் சொன்னது: கறுப்பு, கருநீலம் வாங்காதே, கண்ணி கண்ணுக்குத் தெரியாது. வெளிர் நிறத்தில் கொஞ்சம் தடித்த நூலும், 8ஆம் எண் ஊசியும் வாங்கி வரச் சொன்னார். நம் கடைகளில் கிடைக்கிற ஊசிகளில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்பது 4 மில்லிமீட்டர். 10 என்றால் மூன்றேகால்தான். இது தெரியாமல் பெரிய எண்ணாக எடுத்துவந்துவிடாதீர்கள்.

இரண்டே கண்ணிதான் மொத்த வித்தையும். நூலைப் பின்னால் வைத்து, ஊசியை முன்னிருந்து பின்னே நுழைத்து இழுத்தால் ஒன்று. நூலை முன்னால் கொண்டுவந்து, ஊசியைப் பின்னிருந்து முன்னே நுழைத்தால் இன்னொன்று. நேர்க்கண்ணி, எதிர்க்கண்ணி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒன்றின் முதுகுதான் மற்றொன்றின் முகம். எல்லா வரிசையும் நேர்க்கண்ணியே போட்டால் துணி தட்டையாகப் படுக்கும். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர் என்று போட்டால் ஒரு பக்கம் வழவழப்பாக வரும், ஆனால் ஓரம் பாய் போலச் சுருண்டுகொள்ளும். ஒரே வரிசைக்குள் இரண்டு நேர், இரண்டு எதிர் என்று மாற்றி மாற்றிப் போட்டால் வரிவரியாக வரும். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். குல்லாவின் விளிம்பு, ஸ்வெட்டரின் மணிக்கட்டு எல்லாம் இந்தப் பின்னல்தான். முதன்முதலில் அதை இழுத்து விட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! ரப்பர் இல்லை, எலாஸ்டிக் இல்லை. நூல் வளைந்து போகிற பாதைக்குள் அந்த இழுவை இருக்கிறது.

முதல் குல்லாவை ஒரு தை மாதம் முடித்து மாமாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நீயேவா போட்டாய் அம்மா?" என்று கேட்டு அங்கேயே தலையில் போட்டுக்கொண்டார். ஐந்து நாள் விடாமல் போட்டுக்கொண்டு போனார். ஆறாம் நாள் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் மாமா நெற்றியைப் பார்த்தாயா?" என்றார். பார்த்தேன். கயிறு கட்டி அவிழ்த்தது போல ஒரு சிவந்த கோடு. கடைக் குல்லாவை ஒரே நாளில் கழற்றிய மனிதர், நான் பின்னியது என்பதற்காக ஐந்து நாள் அந்த வலியைத் தாங்கியிருக்கிறார். அன்று இரவு அழுதேன். மறுநாள் முழுக் குல்லாவையும் பிரித்துவிட்டேன்.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் இரண்டு தப்பும் தெரிந்தன. ஒன்று, நான் அளவே எடுக்கவில்லை; உத்தேசமாக 88 கண்ணி ஏற்றியிருந்தேன். இரண்டு, நழுவிவிடுமோ என்ற பயத்தில் முதல் வரிசையை இறுக்கி ஏற்றியிருந்தேன். மேலே எவ்வளவு விரிந்தாலும் அந்த முதல் வரிசை விரியாது. இதற்கு அக்கா சொன்ன வழி, இரண்டு ஊசிகளையும் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் கண்ணி ஏற்றிவிட்டு, பிறகு ஒன்றை உருவிவிடுவது. விளிம்பு தளர்வாக வந்துவிடும்.

அளவுக்கு வழி, முதலில் கையகலச் சதுரம் ஒன்று பின்னிப் பார்ப்பது. என் கைக்கு, அந்த நூலுக்கு, 10 சென்டிமீட்டரில் 20 கண்ணி வந்தது. அக்கா பின்னினால் அதே ஊசியில் 22 வரும். எனவே வேறொருவர் எழுதி வைத்த கண்ணிக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. 57 சென்டிமீட்டர் தலைக்கு 52 சென்டிமீட்டர் குல்லா போதும், மீதியைப் பின்னலே விரிந்து கொடுக்கும். 104 கண்ணி.

ஆட்டு ரோமக் கம்பளி நூலில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. சின்ன வயதில் ஆடு மேய்ப்பவர்கள் மழையில் கறுப்புக் கம்பளியைக் கூம்பு போல மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் மேய்கிற மேச்சேரி ஆட்டுக்குக் குட்டை முடிதான், அது நூலுக்கு ஆகாது. வேறு ஊர்க் கம்பளி நூலை வாங்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் துணி, துவைக்கிற கல்லில் அடி வாங்கும். அசல் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். அக்ரிலிக் நூல் அந்த அடியைத் தாங்கும். சூடான இஸ்திரிப் பெட்டி மட்டும் படக் கூடாது. அதனால் அக்ரிலிக்.

மாமாவின் தலை அளவுக்காகக் காத்திருந்த ஒன்பது மாதமும் ஊசி சும்மா இருக்கவில்லை. என் சிநேகிதி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதிகாலை ஷிப்டுக்கு ஸ்கூட்டரில் போவாள். அவளுக்கு விரல் நுனி திறந்த கையுறை போட்டேன். 40 கண்ணியில் வரிப்பின்னலாக ஒரு பட்டை; பக்கவாட்டைத் தைக்கும்போது கட்டைவிரலுக்கு இடைவெளி விட்டால் போதும். ஆசையாக வாங்கிப்போனவள் நாலு நாள் கழித்து, "ஆக்ஸிலேட்டரில் கை வழுக்குகிறது" என்றாள். நேராகச் சொன்னதற்கு அவளை நான் இன்னும் நேசிக்கிறேன். பழைய பையின் ரெக்சினை வெட்டி உள்ளங்கையில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

தங்கையின் மகனுக்கு 64 கண்ணியில் குல்லா. மேலே குஞ்சம் வைக்க ஆசையாக இருந்தது, வைக்கவில்லை. பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வான். துளைப் பின்னலும் வேண்டாம் என்று விட்டேன், பிஞ்சு விரல் மாட்டும். தூங்கவைக்கும்போது கழற்றிவிடு என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அம்மாவுக்குத்தான் ரொம்ப நாள் யோசித்தேன். அரூர் வெயிலில் இருப்பவருக்கு மப்ளர் போட்டுக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். எனக்கு அது வேண்டாம். அவர் இடுப்பில் செருகியிருக்கிற சுருக்குப்பை கிழிந்து ஊக்கு குத்தியிருந்ததைப் பொங்கலுக்குப் போனபோது பார்த்திருந்தேன். பெங்களூரு சிக்பேட்டையிலிருந்து என் கணவர் பருத்தி நூல் வாங்கிவந்தார். பின்னல் துணியில் சில்லறை போட்டால் கனத்தில் தொங்கும், காசு கண்ணி வழியாக எட்டிப் பார்க்கும். அதற்கு உள்துணி வேண்டும். பாட்டியின் சேலைத் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. சாந்து நிறச் சுங்குடி. அதை உள்ளே வைத்துத் தைத்தேன். அம்மா பையைத் திறந்தார், வெற்றிலையை வைக்கப் போனவர் உள்துணியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பாக்கை மட்டும் எடுத்துப் போட்டு, பையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

மாமாவின் இரண்டாவது குல்லா கார்த்திகைக்குள் முடிந்தது. இந்த முறை ஒவ்வொரு நாளும் அவர் சொசைட்டியிலிருந்து வந்து குல்லாவைக் கழற்றும்போது நெற்றியைப் பார்த்தேன். கோடு இல்லை. பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "அம்மா, சொசைட்டியில் பால் அளக்கிறவர் கேட்கிறார். அவருக்கும் ஒன்று போட முடியுமா?" என்றார். அளவு கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு சணல் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அத்தை தனக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆனால் காலையில் அடுப்படியில் உட்காரும்போது முழங்கால் இரண்டிலும் பழைய துண்டைச் சுற்றிக்கொள்கிறார். எழுந்தால் அது அவிழ்ந்து விழுகிறது. நேற்று இரவு கால் பிடித்துவிடும்போது முழங்காலைச் சுற்றி என் கையால் சாண் போட்டுப் பார்த்தேன். சரியாக இரண்டு சாண். "என்ன செய்கிறாய்?" என்றார். "ஒன்றும் இல்லை அத்தை" என்றேன். 72 கண்ணி ஏற்றியாகிவிட்டது.