கேசட் அட்டையில் யார் நம்பர்?

எங்கள் சித்தப்பா நாங்குநேரிப் பக்கம் வில்லுப்பாட்டு செட்டு நடத்துகிறார். கேசட் காலத்தில் ஒரு கம்பெனிக்காரர் அவரை ஒரே ராத்திரியில் சுடலைமாடன் கதை பாட வைத்து, மொத்தமாக ஒரு தொகையைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார். எத்தனை கேசட் விற்றது என்று கேட்க வழியே இல்லை. சரி, அது போகட்டும். எனக்கு இன்னும் ஆறாதது அந்த அட்டைதான். படத்தில் சித்தப்பா வில்லைத் தட்டுகிற வீசுகோலோடு இருப்பார், கீழே கம்பெனி நம்பர் இருக்கும். கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, கூப்பிட நினைத்தவர்கள் அங்கேதான் போன் போட்டார்கள். எடுத்தவர் தனக்கு வேண்டிய செட்டைக் கைகாட்டிவிடுவார்.

கம்பெனியை விட்டு நேரே விற்றவர்களும் உண்டு. 2007-இல் ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழு, இ.எம்.ஐ. என்ற இசைக் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்துபோயிருந்த நிலையில், புது ஆல்பத்தைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்து, 'விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்றது. பெரிய துணிச்சல் என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அவ்வளவு பிரமிப்பு இல்லை. கம்பெனி செலவில் உலகமெல்லாம் பேர் வாங்கிய பிறகு செய்த காரியம் அது. 2008-இல் வந்த பேண்ட்கேம்ப் என்ற பாட்டு விற்கும் இணையதளம்தான் சின்ன ஆட்களுக்கு உதவியது. டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சத்தைப் பாடகருக்கே கொடுக்கிறது. வாங்கியவரின் மின்னஞ்சலும் பாடகர் கைக்கு வருகிறது. என்னைக் கேட்டால் அந்த மின்னஞ்சல்தான் பெரிய சொத்து.

இப்போது நாங்களே பதிவுசெய்து, கொடை நடக்கிற இடத்தில் பென்டிரைவ் விற்கிறோம். 300 ரூபாய். கேசட்டுக்காக நறுக்கிய கதை இல்லை, முழுக்கதை. பணம் போட ஸ்கேன் பண்ணும் அட்டையை ஆர்மோனியப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். லாபம் டீச்செலவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் வாங்குகிற ஒவ்வொருவர் நம்பரும் சித்தப்பா போனில் ஏறிவிடுகிறது. ஆள் பேரில் இல்லை, கோயில் பேரில்: 'முக்கூடல் இசக்கி', 'வள்ளியூர் சுடலை ஆடி'. சித்திரை பிறப்பதற்கு முன்பே அவராக ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "அண்ணாச்சி, கொடை என்னைக்கு வச்சிருக்கீங்க?" என்று விசாரிக்கிறார். போன ஆடியில் பாதிக் கொடை இப்படி வந்ததுதான்.

ஒன்றுக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. சாமியை அழைக்கிற வரத்துப் பாட்டைப் பதிவில் சேர்க்கக் கூடாதாம். "ஏல, எவன் வீட்லயாவது போட்டு, பொம்பளையாளு சாமி வந்து ஆட ஆரம்பிச்சிட்டா, மஞ்சணை கொடுக்க அங்க யாருல இருக்கா?" என்கிறார். சாமி பிரசாதமாகக் கொடுக்கிற மஞ்சள் கலவைதான் மஞ்சணை. அந்தப் பாட்டு வேண்டும் என்று வருகிறவர்களிடம், கொடைக்குக் கூப்பிடச் சொல்லி நம்பரைக் கொடுத்துவிடுகிறோம்.